விருந்தாளியோடு போன நிழல்

நிழல் ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை மணல் லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்த பெண்கள் அதற்குள் பன்னிரண்டாகிவிட்டதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குட்டைமேட்டுப் பூங்காவின் ஏழு மரங்களுடைய நிழலும் ஒன்றாகச் சேர்ந்து ரேஷன் கடை வரிசையை விட்டு இறங்கி, கொதிக்கும் தார் மேல் அவசரமில்லாமல் நகர்ந்து, எதிர்ப்பக்கத்துச் சாக்கடைக் கல்லைத் தாண்டி, எங்கள் தெருவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் மேல் ஏறிப் படுத்தது.

மூன்று நிமிடம் தாமதம். அஞ்சலை தைத்துக்கொண்டிருந்த ஷூவின் மேல்தோலை மடியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாமாயில் போடறானுங்க போலக்கீது. க்யூ விடல நெழல" என்றாள்.

"நெழலுக்கும் ஒரு அட்டென்டன்ஸ் நோட்டு போட்டுடுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு மெகருன்னிசா, மெழுகு நூலை ஊசியில் கோத்தபடி. "லேட்டா வந்தா அர நாள் சம்பளம் கட்."

உள்ளே தூளியில் அஞ்சலையின் குழந்தை தூங்கியது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, எட்டாம் மாதத்திலேயே, ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த பெண். மூன்று மாதம் வெக்கை தாக்காமல் வைத்துக்கொண்டால் பிறகு பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அது நடக்கக்கூடிய காரியமில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்தது, ஏனென்றால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழல் எங்கள் கூரைகளுக்கு என்று பூங்காவில் கூடி முடிவெடுத்திருந்தோம்.

குட்டைமேடு என்பது மாநகராட்சி குப்பை கொட்டி மூடிய ஒரு குட்டை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, பூங்கா என்று பலகை வைத்து, நான்கு புங்கன், இரண்டு வேம்பு, ஒரு தூங்குமூஞ்சி என்று ஏழு கன்றுகளை நட்டுவிட்டுப் போனவர்கள், அவற்றுக்குத் தண்ணீர் விட ஒருவரையும் அனுப்பவில்லை. பாலாறு வெறும் மணலாகக் கிடந்த வருடம் அது. மூன்று நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும் தண்ணீரில் வீட்டுக்கு இரண்டு குடம் கன்றுகளுக்கு என்று அறுபத்திரண்டு வீடுகளும் கிழமை வைத்துக்கொண்டு ஊற்றினோம். குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் ஊற்றினோம், சாவு விழுந்த வீட்டின் முறையைப் பக்கத்து வீடு ஊற்றியது, சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகள் ஒரே கன்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றின. இப்படிப் பதினாறு வருடம். குடம் ஊற்றிய வீட்டுக்குத்தான் பூங்காவைப் பற்றிக் கை தூக்கும் உரிமை என்பது எங்கேயும் எழுதப்படாமலே வழக்கமாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு சித்திரையில், பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு எட்டாவது மனு எழுதுவதற்காகப் பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கும் பாஷா பாய்தான் எங்கள் நோட்டில் எழுதுகிறவர். அவருடைய எழுத்து வெட்டிய தோல் மாதிரி ஓரம் சுத்தமாக இருக்கும். அவர் சலித்துப்போய், "கூர எங்க வரப்போவுது. இந்த நெழலயே அங்க போவச் சொல்லி எழுதறன், கைத் தூக்குங்க" என்றார். விளையாட்டாகத்தான் தூக்கினோம். மூன்றிலிருந்து நான்கு வரை என்று எழுதி அவர் பேனாவை மூடியதும் நிழல் எழுந்து போய்விட்டது. ஏழு மரங்களுக்கும் கீழே நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். "கொட எட்த்துகினு வந்திருக்கலாம்" என்று ஒருவர் சொன்னார்.

அதன் பிறகு நோட்டில் எந்தத் தீர்மானம் எழுதினாலும் எங்கே, எத்தனை மணியிலிருந்து, எத்தனை மணி வரை என்று மூன்றையும் எழுதினோம். பதினொன்றிலிருந்து ரேஷன் கடை, பன்னிரண்டிலிருந்து கூரைகள், மூன்றிலிருந்து பேருந்து நிறுத்தம், நான்கு மணிக்குத் திரும்பிப் பூங்காவுக்கு. வெள்ளிக்கிழமைகளில் மிளகாய் காயவைக்கிறவர்கள் கேட்டுக்கொண்டதால் கிழக்குக் கூரைகள் ஆறுக்கு விலக்கு. யார் வீட்டில் சாவு என்றாலும் உடல் சுடுகாட்டுக்கோ, கபர்ஸ்தானுக்கோ, கல்லறைத் தோட்டத்துக்கோ போய்ச் சேரும்வரை நிழல் கூடவே போக வேண்டும் என்பதற்கு எல்லா வீடுகளும் ஒரே மூச்சில் கை தூக்கின. மளிகைக் கடைக்காரர் நாள் முழுக்கத் தன் கடை வாசலுக்கு வேண்டுமென்றும், அதற்குப் பதிலாகப் பூங்காவுக்குச் சிமென்ட் பெஞ்சு பத்து போட்டுத் தருவதாகவும் சொன்னபோது, அவர் வீட்டுக் குடம் ஏழு வாரமாக வரவில்லை என்பதைப் பாஷா பாய் நோட்டைத் திருப்பிக் காட்டினார். கடைக்காரர் மறுநாள் தானே குடம் தூக்கி வந்தார். இன்னொரு வழக்கமும் உண்டாயிற்று. ஒரு தீர்மானத்தைச் சொன்னவர் யாரோ அவர்தான் அதைத் திரும்பவும் எடுத்துப் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் நிழல் நாள் முழுக்க ரோட்டில்தான் அலைந்துகொண்டிருக்கும்.

மாநகராட்சியும் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பூங்காவின் எல்லைக்கு வெளியே நிழலைக் கொண்டுசெல்ல உரிய அனுமதி பெறப்படவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த கடிதம், பூங்காவைப் பராமரிக்க நிதி இல்லாததால் அதை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க உத்தேசித்திருப்பதாகவும், அவர்கள் வாசலுக்குப் பூட்டும் நுழைவுச் சீட்டும் வைப்பார்கள் என்றும், ஆணையர் நேரில் பார்வையிட்ட பிறகு முடிவெடுக்கப்படும் என்றும் சொன்னது.

"நிதி இல்லியாம்" என்றாள் மெகருன்னிசா. "பதினாறு வருஷமா நிதி வச்சிகினா தண்ணி ஊத்தனோம்?"

ஆணையர் வருவதற்கு முந்தின நாள் பூங்காவில் கூடினோம். வருகிறவர் நல்லவரோ கெட்டவரோ, நம் இடத்துக்கு வருகிறார், நிழல் அவருக்குத்தான் என்று அஞ்சலை சொன்னாள். எல்லாரும் ஒப்புக்கொண்டோம். பாஷா பாய் எழுதினார்.

"எத்தினி மணியிலர்ந்து அஞ்சலம்மா?"

"பதினோரு மணி."

"எத்தினி மணி வரிக்கும்?"

அஞ்சலை பாஷா பாயைப் பார்த்தாள்.

"உங்க வூட்டுக்கு வந்தவங்கள எத்தினி மணிக்குக் கெளம்புவீங்கன்னு கேப்பீங்களா பாய்?"

பாஷா பாய் அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பேனாவை மூடினார். எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆணையர் அருள்நம்பி வெள்ளைக் காரில் வந்தார். நாற்பது வயதிருக்கும், அடிக்கடி நெற்றிப் பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளும் ஆள். காரை விட்டு இறங்கியதுமே நிழல் அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. நன்னாரி சர்பத் குடித்தார். ஏழு மரங்களையும் தொட்டுப் பார்த்தார். டிக்கெட் வேண்டாம், பூட்டு வேண்டாம், மாநகராட்சியிடம் இருக்கிற பராமரிப்புப் பணத்தைப் பூங்காவுக்குக் கொடுங்கள், அதை எதற்குச் செலவிடுவது என்று இங்கே உட்கார்ந்து நாங்கள் சொல்கிறோம் என்று நாங்கள் கேட்டதை முழுவதும் கேட்டார். "பார்க்கிறேன்" என்றார். மாத முடிவுக்குள் கோப்பில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு காரில் ஏறினார்.

கார் நகர்ந்தது. நிழலும் நகர்ந்தது. வளைவு திரும்பும்போது தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்ததால் டீக்கடைச் சுவரில் உரசிக்கொண்டு போனது.

சாயங்காலம் வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு ரேஷன் வரிசை வெயிலில் நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கூரைகள் சடசடவென்று வெடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. குழந்தை முதலில் அழுதது, பிறகு அழாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. மெகருன்னிசா கோணிச் சாக்குகளை நனைத்துக் கூரை மேல் வீசினாள். கால் மணி நேரத்தில் அவை காய்ந்து விறைத்தன. தன் வீட்டுக் குடிதண்ணீரை எடுத்து மறுபடியும் நனைத்தாள்.

அன்று சாயங்காலம் பூங்காவில் எல்லாரும் அஞ்சலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்ன தீர்மானம். அவள்தான் எடுத்துப் பேச வேண்டும்.

"திரும்பி வான்னு ஒரு வார்த்த சொல்லுக்கா" என்றாள் மெகருன்னிசா.

"வாங்கன்னு சொன்ன வாயால போன்னு சொல்லச் சொல்றியா?"

"கொழந்த வெந்துகினு கீது. உனக்கு மரியாத கேக்குதா?"

"மரியாத இல்ல மெகரு." அஞ்சலை குழந்தையை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "இந்த நோட்டுல எழுதனத நாம ஒரு தபாவாச்சும் பாதில மாத்தனமா? அதனாலதான் அது நம்ம பேச்சக் கேக்குது. இன்னிக்கி எம்புள்ளைக்காவ மாத்தனா நாளிக்கி மளிகக்கடக்காரரு அவரு மருமவனுக்காவ மாத்துவாரு. அப்பறம் அது யாரு பேச்ச கேக்கும்?"

மெகருன்னிசா எழுந்து போய்விட்டாள். போகிற வழியில் அஞ்சலை வீட்டுக் கூரையில் இன்னொரு சாக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் காலை அஞ்சலை குழந்தையை மெகருன்னிசாவிடம் விட்டுவிட்டு ஆணையர் பங்களாவுக்கு நடந்தே போனாள். மூன்று கிலோமீட்டர். தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று எரியும் தெருவில் அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் புங்க இலைகளின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக் காம்பவுண்டில் ஒரு மரமும் இல்லை. கொடியில் நான்கு நாள் துணிகள் காயாமல் தொங்கின. வாசல் காவலர் அவளைப் பார்த்து, "நெழலு ஆளா நீ? போ உள்ள" என்றார்.

அருள்நம்பி வராந்தாவில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"நான் தக்கவச்சுக்கலம்மா. நீங்க நம்பணும். நேத்தே ஒரு உத்தரவு போட்டேன், குட்டைமேட்டுக்குத் திரும்பிப் போகணும்னு. சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு. அசையல."

"அசையாது சார். குடம் ஊத்தாத கையெழுத்து அதுக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நெற்றியைத் தொட்டார். "ஒண்ணு சொல்லட்டுமா. நாலு நாளா எனக்குத் தலைவலி இல்ல. பதினோரு வருஷத்துல இதான் முதல் தடவை."

"எந்த ஊரு சார் உங்களுக்கு?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். ஏழு ஊர்களில் வேலை பார்த்திருந்தார். பிறந்த ஊரில் இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. "எல்லா ஊரும்தான்" என்றார்.

அஞ்சலை கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தாள். "நாளிக்கி பன்னண்டு மணிக்கு பூங்காவுக்கு வாங்க சார். எங்கிட்ட ஒரு பேச்சு கீது. செருப்ப வெளிய விட்டுட்டு தரையிலதான் ஒக்காரணும்."

மறுநாள் அறுபத்திரண்டு வீட்டு ஆட்களும் பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேல் ஏழு மரங்கள் இலை அடர்ந்து நின்றன, கீழே தரையில் ஓர் இலையின் அடையாளம்கூட இல்லை. அருள்நம்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். ஏழு மரங்களின் நிழலும் அவர் மேல் விழுந்தது. நூறு பேர் உட்காரக்கூடிய நிழல் அது. அதன் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். விருந்தாளிக்குக் கொடுத்ததில் நாங்கள் எப்படி உட்கார்வது? அவ்வளவு பெரிய குளிர்ச்சியின் நடுவில் அவர் தனியாக இருந்தார், சுற்றிலும் நாங்கள் வெயிலில் இருந்தோம், யாருடைய முதுகும் வளையவில்லை.

"இப்படி வந்து உட்காருங்களேன்" என்றார் அவர்.

"பரவால்ல சார்" என்றோம்.

அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னோம்.

அஞ்சலை குழந்தையோடு எழுந்து நின்றாள். முந்தானையைக் குழந்தையின் தலைக்கு மேல் கூரையாகப் பிடித்திருந்தாள். "நான் சொன்னத நான் மாத்தல" என்றாள். "விருந்தாளிக்கின்னு குடுத்தது விருந்தாளிக்கித்தான். ஆனா இவரு ஊரு இல்லாதவரா கீறாரு. அதுக்கு இன்னா பண்லாம்னுதான் கேக்கறன். நம்ம தெருவுல அறுவத்திமூணாவது வூடா இவர எழுதிக்கலாம். கெழம செவ்வா. ரெண்டு கொடம். எந்த வூடோ அந்த வூட்டுக்கு இன்னா உண்டோ அதான் இவருக்கும். அதுக்கு மேல ஒண்ணும் கெடயாது."



"விருந்தாளியா இல்லாம போய்ட்டா..." என்று பாஷா பாய் தொடங்கினார், முடிக்கவில்லை. நோட்டைத் திறந்தார்.

"பெரிய ஆபீசருங்க. செவ்வாக்கெழம மீட்டிங் இருக்கும் அவுங்களுக்கு" என்று மளிகைக் கடைக்காரர் கவலைப்பட்டார்.

"உங்களுக்குக் கூடத்தான் கட இருந்துது" என்றாள் மெகருன்னிசா. வெயிலில் முதல் தடவையாகச் சிரித்தோம்.

அறுபத்திரண்டு கைகள் எழுந்தன. அருள்நம்பியும் கையைத் தூக்கினார். பாஷா பாய் பேனாவை நிறுத்தினார்.

"மன்னிக்கணும் சார். கொடம் ஊத்தாத கைய எண்ண முடியாது."

அவர் எழுந்தார். அஞ்சலை தன் குடங்கள் இரண்டையும் கண்ணால் காட்டினாள். அவர் அன்று தண்ணீர் வந்துகொண்டிருந்த தெருக்குழாய்க்குப் போய் நிரப்பி, ஒன்றை இடுப்பில் வைக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய, வெறுங்காலில் தார் ரோட்டைக் கடந்து வந்து தூங்குமூஞ்சி மரத்தின் வேரில் ஊற்றினார். மறுபடியும் போனார். யாரும் உதவிக்குப் போகவில்லை. முறைக் குடத்துக்கு யாரும் யாருக்கும் உதவுவதில்லை. இரண்டாவது குடத்தின் கடைசித் தண்ணீர் மண்ணில் இறங்கியபோது அவர் கையைத் தூக்கினார். பாஷா பாய் அறுபத்திமூன்று என்று எழுதினார்.

மணி பன்னிரண்டு நாற்பது. நிழல் அவர் தோளிலிருந்து நழுவியது, எங்கள் முழங்கால்களைக் கடந்தது, சுவரைத் தாண்டியது, ரோட்டில் ஒரு பேருந்து நின்று வழிவிட்டது, நிழல் எங்கள் கூரைகள் மேல் ஏறிப் படுத்தது. வெயிலில் நின்ற அருள்நம்பி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கட்டைவிரலால் நெற்றியை அழுத்தினார். அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அதைத் தூளியில் விட்டதும் அது அழுதது, நல்ல சத்தமாக. பூங்காவரை கேட்டது.

பூங்காவில் கூட்டம் கலையவில்லை. பூட்டு வேண்டாம், சீட்டு வேண்டாம், பராமரிப்புப் பணம் எதற்கு என்பதை இந்தத் தரையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்ற பழைய பேச்சை மறுபடியும் எடுத்தோம். அருள்நம்பி தெருவின் ஒரு வீடாகக் கை தூக்கினார். ஆணையராக, மாமன்றத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார். அது நியாயம் என்று பட்டது. நாங்களும் எங்கள் நோட்டை மீறுவதில்லையே. மாமன்றத்தில் மூன்று கூட்டம் சண்டை நடந்தது, பாஷா பாய் மூன்றுக்கும் நோட்டோடு போய் உட்கார்ந்தார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியில் சிமென்ட் பெஞ்சு போடலாம் என்றார்கள் சிலர், நீரூற்று என்றார்கள் சிலர். கை எண்ணிப் பார்த்ததில் ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் என்று முடிவாயிற்று. வாசலுக்குப் பூட்டு வரவே இல்லை. நகரத்தின் மற்ற வட்டாரங்களிலிருந்து இப்போது ஆட்கள் வந்து எங்கள் நோட்டைப் பார்க்கக் கேட்கிறார்கள். மரம் வைத்தீர்களா என்று கேட்கிறோம். வைத்தோம் என்கிறார்கள். யார் ஊற்றினது என்று கேட்கிறோம்.

கிணறு வந்த பிறகும் குடமுறை நிற்கவில்லை. கிணறு வந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை அடிபம்பின் முன்னால் குடங்கள் வரிசையாக இருந்தன, பச்சை, நீலம், பித்தளை ஒன்று. கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதுவரை அஞ்சலை வீட்டுக் குடங்களில் முறை ஊற்றிய அருள்நம்பி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத இரண்டு புதுச் சிவப்புக் குடங்களோடு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மெகருன்னிசா அஞ்சலையிடம் பாமாயில் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே, தன் குடத்தைக் காலால் ஒரு சாண் தள்ளினாள்.